குழாய்க்குள் இருந்த குரல்

கனகம்மாசத்திரம் போகிற சாலையில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே சைக்கிள் சட்டங்களுக்கும் துருப்பிடித்த பீரோக்களுக்கும் நடுவில் அந்த வேக்குவம் கிளீனர் கிடந்தது. அது என்னவென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. "ஏதோ மோட்டார் சாமான்தான் போல கீது, எடுத்துனு போங்க" என்றார். நீளமான தகர உடம்பு, வெளிர் பச்சைப் பெயின்ட், தரையில் சறுக்கிப் போவதற்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகள், முன்னால் துணி சுற்றிய தடித்த குழாய்.

நானும் என் கணவரும் திருத்தணியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். முன்னறை கடை, பின்னால் வீடு. கிணற்று மோட்டார், தறி மோட்டார், மிக்சி என்று என் கைக்கு வராதது குறைவு. இப்படி ஒன்றைத் திறந்ததே இல்லை என்பதற்காகத்தான் அதை வாங்கினேன்.

முதலில் பின்மூடியைக் கழற்றி தூசிப் பையை வெளியே எடுத்தேன். பை நிறையச் சாம்பல் நிறத் தூசி, கம்பளிபோல இறுகிக் கிடந்தது. முகப்பவுடரும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை வந்தது. உள்ளே நீள நீளமாக நரைமுடி. மலையில் தினமும் எத்தனையோ பேர் மொட்டை போட்டுக்கொள்கிற ஊர் இது. முடியைப் பார்த்து நான் முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்தத் தூசியைக் குப்பையில் கொட்டக் கை வரவில்லை. தெரியாத ஒரு வீட்டைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது. கடைசியில் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன்.

மோட்டார் இறுகிப் போயிருந்தது. பேரிங் இரண்டையும் மாற்றினேன். மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்து குட்டையாகியிருந்தது. அந்த அளவில் இப்போது கிடைக்காது என்பதால் பெரிய மிக்சியின் கார்பனை வாங்கி அரத்தால் ராவிப் பொருத்தினேன். காயில் நன்றாகவே இருந்தது. வார்னிஷ் மட்டும் புதிதாக ஊற்றி இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். விறைத்துப் போன வயரையும் சுவிட்சையும் மாற்றினேன்.

ஒரு முற்பகலில் குழாயை மாட்டி ஓடவிட்டேன். கடை அதிர ஓடியது. தரையில் கிடந்த செம்புத் துணுக்குகளெல்லாம் சடசடவென்று உள்ளே போயின. சந்தோஷத்தோடு சுவிட்சை அணைத்தேன். வேகம் குறைந்து, குறைந்து, நிற்கப்போகிற நேரத்தில் யாரோ மெதுவாக "ம்மா" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கடையில் யாருமில்லை. மறுபடி போட்டு அணைத்தேன். மறுபடி "ம்மா." சின்னக் குழந்தை, தூக்கத்திலிருந்து எழுந்து கூப்பிடுவதுபோல.

கணவர் உள்ளிருந்து வந்தார்.

"யார் ஊட்டுக் கொழந்த வந்துகீது?"

"யாரும் வர்லிங்க. இதுதான்."

அவருக்கும் போட்டுக் காட்டினேன். "காத்து கொறையற சத்தம். வேற இன்னா" என்றார். ஆனால் அன்று சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். வழக்கமாகக் கடையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

மூன்றாம் நாள் அது ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மின்விசிறி, எதிர் வெல்டிங் பட்டறை, பக்கத்து மாவு மில் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. தெருவே வாயை மூடிக்கொண்ட அந்த அமைதியில், நடுப்பகல் வெளிச்சத்தில், "அம்மா" என்று முழுதாகக் கேட்டது. என் முழங்கை வரை மயிர் சிலிர்த்தது.

பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த வழி, கழற்றிப் பார்ப்பதுதான். குழாய் இல்லாமல் ஓட்டினேன், சத்தம் இல்லை. குழாயை மாட்டினேன், வந்தது. நீளக் கம்பியில் துணியைக் கட்டி குழாய்க்குள் விட்டு இழுத்தேன். வளைவில் எதுவோ தடுத்தது. நெம்பி எடுத்தபோது முடி சுற்றிய ஒரு வட்டமான பொருள் வந்து விழுந்தது. அமுக்கினால் கத்தும் பொம்மையின் வயிற்றுக்குள் வைப்பார்களே, அந்த ஊதல். இழுவை குறையும்போது அதன் மெல்லிய நாக்கு அதிர்ந்து கத்தியிருக்கிறது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முடியைப் பிரித்து, கழுவி, நட்டு போடும் டப்பாவில் போட்டேன். அதன்பிறகு மெஷின் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. பழைய சாமான் கடையில் விசாரித்து வந்திருக்கிறார். தன் தாயார் இறந்ததும், தம்பி அந்த வீட்டுச் சாமான்களை ஒட்டுமொத்தமாகப் போட்டுவிட்டானாம்.

மெஷினைப் பார்த்ததும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அது கூப்புடுதுங்களா?" என்று கேட்டார்.

நான் நட்டு டப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"என் தங்கச்சி நாலு வயசுல ஜொரத்துல போயிடுச்சி. அதோட பொம்ம கிழிஞ்சி கெடந்துது. அம்மா ஊட்ட சுத்தம் பண்றப்ப அதோட வவுத்துல இருந்த ஊதலு இதுக்குள்ள பூந்துடுச்சி. அன்னிலேர்ந்து தெனம் மத்தியானம் அம்மா இத்த போடும், நிறுத்தும். யாரையும் தொறக்க உடாது. மோட்டாரு கெட்டுப் போன பின்னாடியும் இதுங்கிட்டயே ஒக்காந்துகினு இருக்கும்."

"அக்கா, அத நான் எடுத்துட்டேன்" என்றேன். சொல்லும்போது திருடிவிட்டு ஒப்புக்கொள்வதுபோல இருந்தது.

அவர் திட்டவில்லை. "வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். குழாயின் வளைவில், முன்பு இருந்த இடத்திலேயே சொருகினேன். ஓடவிட்டு அணைத்தேன். எதுவும் இல்லை. ஊதலைத் திருப்பி வைத்தேன். அப்போதும் இல்லை. நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி மூன்றாம் முறை அணைத்தபோது சத்தம் வந்தது. ஆனால் குழந்தைச் சத்தமல்ல. கரகரத்து, தாழ்ந்து, "ம்ம்" என்று நீண்டு நின்றது. நான் முடியை எடுத்துக் கழுவியதால் மாறியிருக்க வேண்டும், அல்லது நெம்பியபோது நாக்கு கீறியிருக்க வேண்டும்.

"பழையபடி வரல அக்கா. கெடுத்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"இது தங்கச்சி இல்லம்மா. எங்கம்மா இப்பிடித்தான் சொல்லும். நாங்க கூப்ட்டா, உள்ளேர்ந்து."

இன்னொரு முறை போடச் சொன்னார். என் கை சுவிட்சுக்குப் போகவில்லை. அவரே போட்டார், அவரே அணைத்தார். அந்த "ம்ம்" அடங்கும் வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கணவர் பின்னறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். அந்த அம்மா அதை மடியில் படுக்கவைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தார்.

"மெஷின் நல்லா ஓடுது. ஆனா சத்தம் நின்னுபோச்சிங்க, தானாவே. தொறந்து பாக்கட்டுங்களா?"

கழற்றிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். குழாயை எப்படிக் கழற்றுவது, கம்பியை எந்தப் பக்கமிருந்து விடுவது என்று சொல்லியிருக்கலாம்.

"வேணாங்க்கா" என்றேன்.

"ஆங், எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சி" என்று சொல்லி வைத்துவிட்டார்.