இன்னொருவர் வாயால் கேட்க வேண்டிய வார்த்தை

அப்பா எங்களைவிட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அவருக்காகக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் இதை எழுதும்போது, இத்தனை பேரை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம்தான் முதலில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அப்பா, இளவயதில் இனக்கலவரத்துக்குத் தப்பிக் கல்முனைக்கு வந்தார். சவளக்கடை நெல் ஆலையில் தராசடியில் நின்று உழைத்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எங்கள் லூத்தரன் சபையில் அவர் போதகர் அல்ல. பிரசங்கிக்க அனுமதி பெற்ற விசுவாசி. அப்பமும் இரசமும் கொடுக்கும் இராப்போசனத்துக்கு மலையகத்திலிருந்து போதகர் வரும்வரை காத்திருப்பார். தானாக ஒருநாளும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. ஆனால் பாவமன்னிப்பின் வார்த்தை அப்படியல்ல என்பார். அது சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்டது, யாரும் யாருக்கும் சொல்லலாம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள மட்டும் முடியாது.

"நம்மட மனசு நமக்குச் சாதகமாத்தான் கதைக்கும் மகள். வெளியில இருந்து ஒரு வாய் சொல்லோணும்."

சபை என்றால் அவருக்குக் கட்டடமும் இல்லை, கூட்டமும் இல்லை. சொல்ல ஒருவர், கேட்க ஒருவர்.

கடைசியில் உண்மையாகவே அவ்வளவுதான் மிஞ்சியது. சுனாமியாய்க் கடல் வந்த வருடத்துக்குப் பிறகு சில குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. மற்றவர்கள் கிற்றாரும் மேளமும் உள்ள சபைகளுக்குப் போனார்கள். அம்மாவும் இறந்தபின் நாங்கள் இருவர். அப்பா மணியடிப்பார். முழங்காலில் நிற்கும் எனக்கு மன்னிப்பைச் சொல்வார். பிறகு இடம் மாறிக்கொள்வோம். அவர் தலையில் கைவைத்து நான் சொல்வேன். அதன்பின் எனக்கொருத்திக்காக முழுப் பிரசங்கமும் நடக்கும்.

ஒருவரும் வராத கோயிலுக்கு ஏன் மணி என்று சண்டை பிடித்து, ஒரு ஞாயிறு நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அப்பா ஏன் தனியப் போகிறார் என்று அடுத்த வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், வேலிக்கப்பால் நின்று கேட்டபோது உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மணி கேட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து அப்பா திரும்பி வந்தார். ஆராதனை முடிந்ததா என்றேன். ஒருவராக எப்படி நடத்துவது என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தக் கிழமை முடியுமுன்பே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. காக்கா தன் ஆட்டோவில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டிலில் அப்பா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தார்.

"சொல்லு மகள்."

ஞாயிற்றுக்கிழமை வர மறுத்த எனக்குச் சொல்லக் கூசியது. போதகருக்கு அறிவித்தாயிற்று, வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு தன் கையை என் தலைக்குத் தூக்கினார்.

"அப்ப நான் உனக்குச் சொல்றன். கிறிஸ்துவின் நிமித்தம் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன."

போதகர் வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அந்த வார்த்தையைக் கேளாமல் போனதால் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். நம்புகிறேன். ஆனால் நான் சொல்லாதது சொல்லாததுதான்.

அடக்கத்தை நடத்திய போதகருக்கும், பந்தல் போட்டு, உட்காரக் கதிரை இறக்கி, மூன்று நாளும் சோறு அனுப்பிய காக்கா வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

ஞாயிறு காலையில் இப்போதும் மணியடிக்கிறேன். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிறேன். இந்த மலரை வாசிப்பவர்களில் ஒருவர் வந்தால் போதும். பாட்டுத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முழங்காலில் நில்லுங்கள். போதகர் வரும்வரை உங்களைப் பொறுக்கச் சொல்லமாட்டேன்.

மகள்