கானில் ஊற்றிய பச்சை

தொண்ணூற்று நாலில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நான் பெயின்ற் அடிக்கும் வேலை செய்தேன். கிங்ஸ்டன் ரோட்டுக்குக் கீழே, ஏரிப் பக்கமாக ஒரு அடுக்குமாடி. பத்து மாடி. எல்லா மாடி நடைவழிக்கும் ஒரே வெளிர்பச்சை.

வேலை முடிந்தால் வாளியையும் றோலரையும் நிலக்கீழ் அறைத் தொட்டியில் கழுவ வேண்டும். முதலாளி தமிழர். முதல் நாளே, கார் நிறுத்துமிடத்தில் இரும்புக் கம்பி போட்ட வடிகால் கானைக் காட்டிச் சொன்னார்.

"உதுக்குள்ள ஒண்டும் ஊத்திப்போடாதை. மழைத்தண்ணிக் கான். நேர ஏரிக்குத்தான் போகும்."

தெரியாமல் செய்தேன் என்று எழுதலாம். அது பொய்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை. நிலக்கீழ் அறை பூட்டியிருந்தது. திறப்பு மூன்றாம் மாடியில் ஒருவரிடம். ஏறிப் போய்க் கேட்கப் பஞ்சியாக இருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தேன். மிச்சம் இருந்த அரை வாளிப் பெயின்றைக் கானில் ஊற்றினேன். றோலரையும் அங்கேயே கழுவினேன். அன்றிரவு மழை பெய்தது.

மல்வேர்னில் நான் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு பெடியனும் இருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். ஊரில் கடற்தொழில் செய்தவன். இங்கே பிளாஸ்ரிக் ஃபக்ரறி. ஞாயிறு விடிந்தால் தூண்டிலோடு ஏரிக்குப் போவான். நானும் போவேன். வேலைக் கட்டடத்துக்குக் கீழே இருந்த அந்தக் கரையை அவனுக்குக் காட்டியதே நான்தான்.

போனதும் தூண்டில் போட மாட்டான். முதலில் கல்லுகளுக்கிடையில் குனிந்து பார்ப்பான்.

"டொக்டர் நாடி பிடிக்கிறார்," என்பேன்.

"சிரியுங்கோ அண்ணை. குஞ்சு கரையிலதான் வளரும். ஆழத்துக்குப் போனா பெரிசு முழுங்கிப்போடும். கரைத்தண்ணி கெட்டா அங்காலயும் மீன் இல்லை."

அந்த ஞாயிறும் குனிந்தான். நிமிரவில்லை. மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் வரும் குழாயின் கீழே கல்லெல்லாம் வெளிர்பச்சை. கரைத்தண்ணீர் பச்சைப் பால்போல் இருந்தது. ஒரு கைப்பிடி குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் செவுளை விரித்தான். உள்ளேயும் பச்சை.

"எந்த நாய் அண்ணை இதைச் செய்தது?"

கை இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

"எவனோ விசரன்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மேல இருக்கிறவங்களுக்கு என்ன, ஊத்திப்போட்டுப் போயிடுவாங்கள்," என்றும் சொன்னேன்.

அவன் மேட்டைப் பார்த்தான்.

"மேல முழுக்கத் தாரும் சிமெந்தும். மழை ஊற ஒரு சாண் மண் இல்லை. கார் எண்ணெய், பனிக்கு றோட்டில போடுற உப்பு, எல்லாத்தையும் வழிச்சுக்கொண்டு இஞ்சதான் வருது. இண்டைக்கு இது."

பிறகு என்னைப் பார்த்தான். "என்ன அண்ணை, கையை வெளியில எடுக்கிறியள் இல்லை. குளிருதோ?"

"ஓம்."

தன் ஜக்கெற்றைக் கழற்றி என் தோளில் போட்டான். நான் கையை எடுக்காமலே நின்றேன். அவன் வெறும் சேட்டோடு நின்று கல்லுகளைப் பார்த்தான். அன்றைக்குத் தூண்டில் போடவில்லை.

திரும்பும்போது இரண்டு பஸ். முதலாவதில் அவன் எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டான். இரண்டாவதில் ஏறினேன். முதல் பஸ்ஸில் தந்த மாற்றுத் துண்டைச் சாரதிக்குக் காட்ட வேண்டும். அது சேட்டுப் பையில். கையை எடுத்தேன். தேய்த்துக் கழுவிய கைதான். நகத்தைச் சுற்றிப் பச்சை போகவில்லை. அவன் எனக்குப் பின்னால் நின்றான்.

என் விரல்களைப் பார்த்தான். தன் துண்டைக் காட்டினான். என்னைத் தாண்டிப்போய்க் கடைசிச் சீற்றில் இருந்தான்.

இறங்குமுன் பத்துத் தரிப்பாவது இருந்தது. எழும்பிப் போய், "நான்தான்ரா," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திங்கள் தொடக்கம் மூன்றாம் மாடிக்கு ஏறித் திறப்பு வாங்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜக்கெற்றைத் தோய்த்து மடித்து அவன் கட்டிலில் வைத்தேன். அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு தூண்டிலை எடுத்தான்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் படுங்கோ அண்ணை," என்றான். "வேலை செய்து களைச்சிருப்பியள்."