புயலுக்கு மறுநாள் வீசிய ஆரஞ்சு

அலை அடங்கிக் கிடக்கிற இடம்தானே கடலில் இறங்கப் பத்திரமானது? புயலுக்கு மறுநாள் காலை யாராவது இப்படிக் கேட்டிருந்தால், நானும் திருதிருவென்று முழித்திருப்பேன். கடற்கரைக் காவல்காரிக்குப் பதில் தெரியும். தினமும் கடலைப் பார்த்துவிட்டுக் கொடி நடுவதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை.

வசந்த காலத்தில் பொதுவாகப் புயல் வருவதில்லை. அந்த வருடம் வந்தது. அடிமணலைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது.

அவள் கணவன் தையல்காரன். நாற்பது வயதில் நீச்சல் குளத்தில் பழகியவன். ஒருமுறையாவது கடலில் கட்டியிருக்கும் மிதவைவரை நீந்தித் திரும்ப வேண்டும் என்று ஆசை. நாளை முதல் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை. இரண்டு மாதம் தலைதூக்க முடியாது. இன்று விட்டால் விட்டதுதான்.

"அங்க பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. இறங்கவா?" சட்டைப் பொத்தானில் கை வைத்துவிட்டான்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதுங்க." பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அங்கே வீசினாள்.

"ஏய், அது என் பழம்!"

இருபுறமும் அலை நுரைத்துக் கரைக்கு வந்தது. பழம் மட்டும், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறவள் மாதிரி, திரும்பிப் பார்க்காமல் ஆழத்துக்குப் போனது.

"பார்த்தீங்களா? கரைக்கு வர்ற தண்ணி இந்த வழியாத்தான் திரும்பிப் போகுது. அதான் இங்க அலை எழும்பல. இறங்கியிருந்தா பழத்துக்குத் துணையாப் போயிருப்பீங்க."

அவன் முகம் தொங்கிவிட்டது. "அப்ப அவ்வளவுதானா?"

அவள் அங்கே சிவப்புக் கொடியை நட்டாள். இருநூறு அடி தள்ளி, சின்ன அலைகள் வரிசையாக உடையும் இடத்தில் இன்னொரு பழத்தை வீசினாள். அது சமர்த்தாகக் காலடிக்கு வந்தது. அதிலும் திருப்தியில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து, குழி இருக்கிறதா, முறிந்த கிளை கிடக்கிறதா என்று காலால் துழாவினாள். கால் மணி நேரம் அலைகளை எண்ணினாள். பிறகு படகில் போய் மிதவையை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டி, பச்சைக் கொடியை நட்டாள்.

"வாங்க சார், கடை திறந்தாச்சு!"

அவன் நீந்தினான், மீட்புப் பலகையில் படுத்தபடி அவள் பக்கத்திலேயே போனாள். பாதி வழியில் ஓர் அலை கன்னத்தில் அறைந்தது. இருமினான், திரும்பவில்லை. மிதவையைத் தொட்டு அவன் போட்ட கூச்சலில் கரையே திரும்பிப் பார்த்தது.

"எப்படி இருந்துச்சு?" திரும்பி வந்தவனிடம் கேட்டாள்.

"எல்லாம் சரி. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது.

கடலுக்குக் கிளம்பும் யாரையாவது தெரிந்தால், இந்தத் தையல்காரன் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.