சிவலைக்குத் தெரிந்த சேட்டு

1986 மாசியில் ஒரு விடியற்காலை இன்னாசித்தம்பி நெடுந்தீவுக் கரையிலிருந்து வலை ஏற்றிக்கொண்டு போனான். வெயில் ஏறியபோது கடலில் வெடிச்சத்தம் கேட்டது. மற்ற வள்ளங்கள் திரும்பின. அவனும் வரவில்லை, அவனுடைய வள்ளமும் வரவில்லை.

அவன் மகள் மாக்கிறேற் அப்போது கைக்குழந்தைக்காரி. அந்தக் கிழமையே அவளுக்குப் பால் வற்றிப்போனது. பால்மா பட்டினத்திலிருந்து வர வேண்டும். பயணப் படகு ஓடவில்லை. வீட்டில் இருந்தது சிவலை என்ற ஒரு பசு. அதை இன்னாசித்தம்பி மட்டுமே கறந்து பழக்கம். குந்தியதும் ஒருமுறை செருமுவான், பிறகு மடியில் கை வைப்பான்.

அவன் மனைவி அருளம்மா போய்க் குந்தினாள். கன்று முட்டியும் சிவலை பாலை அடக்கிக்கொண்டது. கடலில் கடற்படைப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டால் அருளம்மாவின் விரல்கள் காம்பை நெரித்தன. கேட்காத நேரத்தில், கேட்கிறதா என்று காத்திருந்து நெரித்தன. சிவலை உதைத்தது. செம்பின் அடி மட்டுமே நனைந்தது. உள்ளே குழந்தை அழுது களைத்துச் சத்தமில்லாமல் கிடந்தது.

அன்று பின்னேரம் அவள் கொடியில் கிடந்த ஆம்பிளைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டாள். நீலக் கோடு போட்ட நத்தார்ச் சேட்டு. அந்தக் குடும்பத்தில் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஒரே துணியில்தான் தைப்பார்கள். வியர்வையும் சுருட்டும் மணத்தது. குந்தி, அவனைப் போலவே செருமினாள். சிவலை பாலை விட்டது.

பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். சேட்டை அவள் தோய்க்கவில்லை.

“எஞ்சின் சத்தம் கேட்டால் கை நடுங்கிறேல்லையோ அம்மா?” என்று மாக்கிறேற் ஒருநாள் கேட்டாள்.

“சேட்டுப் போட்டால் எனக்குக் கேக்கிறேல்லை பிள்ளை. கேக்கிறது அவருக்கு. அவருக்குப் பயமில்லை.”

மாக்கிறேற் அதற்குப் பிறகு கறக்கும் நேரத்தில் கொட்டில் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் கழிந்தபோது இன்னாசித்தம்பியின் தமக்கை அல்போன்சம்மா வந்தாள். உடல் கிடைக்காவிட்டாலும் அவன் உடுப்பையாவது ஒரு பெட்டியில் வைத்துச் சேமக்காலைக் கல்லறையில் அடக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அவனிடம் வேறு நல்ல உடுப்பு மிஞ்சியிருக்கவில்லை.

“சேட்டைத் தா.”

“ஏலாது மச்சாள். பால் நிண்டுபோம். பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?”

“மாட்டுக்கு முன்னாலை ஆம்பிளை வேசமோ? கூத்துப் பழக்கிற அண்ணாவியார் கண்டால் உன்னையும் அதிலை சேர்த்துப்போடுவார்.”

“சேர்க்கட்டும். சிவலைக்கு அவரின்ரை மணம் தெரியும்.”

அல்போன்சம்மா கொட்டிலின் கூரை வளையில் தொங்கிய சேட்டைத் தானே எடுத்தாள். கைக்கு அடியில், கமக்கட்டில், ஒரு கிழிசல் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவள் கை அப்படியே நின்றது. நீல நூல் இல்லாமல் சிவப்பில் தைத்தவள் அவளேதான். அது அவளுடைய புருசன் சவிரிமுத்துவின் சேட்டு. மைத்துனனோடு கடலுக்குப் போன நாளொன்றில் நனைந்ததை இங்கே கழற்றிப் போட்டு மறந்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று சொல்லி வீட்டில் ஏச்சு வாங்கியிருந்தான். தம்பி தன்னுடையதைப் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போயிருக்க வேண்டும்.

அவள் வாய் திறக்குமுன் அருளம்மா சேட்டை வாங்கி மாட்டிக்கொண்டு குந்தினாள். செருமினாள். அது தம்பியின் செருமல். கடலில் எஞ்சின் சத்தம் எழுந்து நெருங்கியது. அருளம்மாவின் கை ஒரே தாளத்தில் கறந்தது. தம்பியின் மணம் ஒரு துளியும் இல்லாத துணிக்குள் அவள் பயமில்லாமல் இருந்தாள். மாட்டை அமர்த்தியது அந்தப் பயமின்மைதான்.

“இப்ப வேண்டாம்,” என்றாள் அல்போன்சம்மா. “பிள்ளை சோறு தின்னட்டும்.”

பிள்ளை நடந்து, சோறும் தின்னத் தொடங்கிய பின் சிவலையின் பால் வற்றியது. அடுத்த கன்றுக்குச் சினைப்பட்டிருந்தது. அருளம்மா முதல் தடவையாகச் சேட்டைத் தோய்த்து, மடித்துக்கொண்டு மச்சாளிடம் போனாள்.

“மச்சாள், இனி அவரை அடக்குவம்.”

உயிரோடு இருப்பவனின் உடுப்பைப் புதைப்பது அவனையே குழிக்குக் கூப்பிடுவது என்று அங்கே எல்லாருக்கும் பயம். அல்போன்சம்மாவுக்கும்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், யாருடைய சேட்டுக்குள் இத்தனை நாள் இருந்தாள் என்பது அருளம்மாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் எந்தக் கையால் கறப்பாள்? அல்போன்சம்மா சேட்டை வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

சேமக்காலையில் பெட்டியை மூடுமுன் சவிரிமுத்து குனிந்து பார்த்தான்.

“எடியே, உந்தச் சிவப்பு நூல்...”

“பேசாமல் மண்ணைப் போடுங்கோ.”

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பெட்டி இறங்கியதும் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டான்.

சிவலை மறுபடி ஈன்றபோது அருளம்மா வெறும் சேலையோடு போய்க் குந்தினாள். ஒருமுறை செருமினாள். பால் வந்தது. அவர் அடங்கிவிட்டார், இனிக் கடலுக்குக் காது கொடுக்க ஒன்றுமில்லை என்று மாக்கிறேற்றிடம் சொன்னாள். அதன்பின் நன்றாக உறங்கினாள்.

சவிரிமுத்து கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அல்போன்சம்மா கரையில் போய் நின்றாள். அவன் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். வருடங்கள் போயும் அவள் நிற்பதை விடவில்லை. தூரத்தில் எஞ்சின் கேட்டால் அவள் விரல்கள் சேலைத் தலைப்பை நெரித்தன, கேட்காவிட்டாலும் நெரித்தன.