இருநூறு மீற்றர் ஆழத்துத் தண்ணீர்

இஸ்ஸதீனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே அவனுடையதாக இல்லாமல் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. நடப்பான். ஆனால் காலைத் தூக்கி வைப்பது இடுப்புத்தான். செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் சொன்னால்தான் தெரியும். கிண்ணியாவில் அவன் வீடு இருக்கிற ஒழுங்கையில் இப்படி இழுத்து நடக்கிற ஆண்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எல்லோரும் முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்க இறங்கியவர்கள். அதனால் யாரும் அவனைத் தனியாகப் பார்த்து இரங்குவதில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டால், “காத்து முடிஞ்சிட்டு, விறுக்கெண்டு மேல வந்துட்டன்” என்பான். மனைவி நஜ்முன் நிஸாவிடமும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

அது பாதி உண்மை. காற்று முடியும்வரை அவன் ஏன் கீழே நின்றான் என்பது மற்றப் பாதி.

அன்று கொட்டியாரக் குடாவுக்கு வெளியே, கடலின் அடி ஒரேயடியாகச் சரிந்து பள்ளத்தாக்காக இறங்கும் விளிம்பில் முக்குளித்தான். கையில் கட்டியிருந்த மானி ஐம்பத்தெட்டு மீற்றர் காட்டியது. அட்டை ஒன்றும் அகப்படவில்லை. திரும்பலாம் என்று டோர்ச்சைத் திருப்பியபோது, சரிவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைத் தட்டு தெரிந்தது. அதன்மேல் செம்மஞ்சளும் வெள்ளையுமாகப் பவளக் கிளைகள். அந்த இருட்டில் பவளம் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. தட்டுக்குக் கீழே வெளிச்சம் எட்டிய மட்டும் கிளைகள் இறங்கிக்கொண்டே போயின.

அவனை நிறுத்தியது பவளமல்ல, அதைச் சுற்றியிருந்த தண்ணீர். மாவை விடப் பொடியான ஏதோ ஒன்று அந்தத் தண்ணீர் முழுக்க நிறைந்திருந்தது. அது கீழே படியவுமில்லை, நீரோட்டத்தோடு ஓடிப்போகவுமில்லை. கிளைகளுக்கு இடையில் சுழன்று சுழன்று நின்றது. பத்து வயதிலிருந்து கடலுக்குள் கிடந்தவனுக்குத் தண்ணீர் என்றால் வெறும் வழி. அந்த இடத்தில்தான் முதன்முதலாக அது வெறுமையாக இல்லை என்று பட்டது. எத்தனை நிமிடம் நின்றானோ தெரியாது. மூச்சு இழுபடாமல் இறுகியபோதுதான் உதறிக்கொண்டு மேலே பாய்ந்தான்.

விறுக்கென்று மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிட்டதென்று, ஐந்து நாள் ஆஸ்பத்திரி அழுத்த அறையில் கிடத்தியிருந்தார்கள். உயிர் தப்பியது, கால் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே நிஸா சிலிண்டரையும் முகமூடியையும் தன் தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

“இனிக் கடலுக்குள்ள எறங்கமாட்டன் எண்டு சொல்லுங்க.”

சொன்னான். சொன்னபடி இருந்தான். முச்சக்கரவண்டி ஓட்டினான். இரண்டு பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினான். காலை நினைத்து அவன் ஏங்கியது மிகவும் குறைவு. அந்தத் தட்டைத்தான் நினைத்தான். கடல் தெரியும் பாலத்தால் போகும்போது வண்டி தானாக மெதுவாகும். பின்னால் இருக்கிறவர்கள், “என்ன நானா, பெற்றோல் இல்லையா?” என்று கேட்பார்கள்.

போன சித்திரையில் மேனுஜா என்றொரு பெண் வீட்டுக்கு வந்தாள். பாலையூற்றைச் சேர்ந்தவள், பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு செய்கிறவள். ஆழ்கடல் பவளத்தைச் சுற்றியுள்ள தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கிறாளாம். மீன்பிடித் துறையில் விசாரித்தபோது இவனைக் காட்டியிருக்கிறார்கள்.

“நீங்கள் இறங்கத் தேவையில்லை நானா. இடத்தைக் காட்டினால் காணும்.”

குசினி வாசலில் நின்ற நிஸா குறுக்கிட்டாள். “படகுக்குள்ள இரிக்கணும். கால் நனையப்படா.”

கோணேசர் மலையையும் வெளிச்சவீட்டையும் வைத்துக் கணக்குப் பார்த்து, இரண்டாம் நாள் இடத்தைப் பிடித்தான். மேனுஜா இரண்டு பக்கமும் திறந்த குழாய் போன்ற போத்தல் ஒன்றை, மீற்றருக்கு மீற்றர் குறியிட்ட கயிற்றில் இறக்கினாள். பவளம் இறங்கிப் போகும் சரிவோரமாக இருநூறு மீற்றர் போனதும் கயிற்றின் வழியே ஓர் இரும்புக் குண்டை விட்டாள். அது போய் இடித்தால் மூடிகள் இரண்டும் சாத்திக்கொள்ளும். இழுக்கும் வேலையை இஸ்ஸதீன் யாருக்கும் கொடுக்கவில்லை. தான் போகாத ஆழத்திலிருந்து கயிறு ஈரமாகவும் குளிராகவும் கைக்கு வந்தது. ஐம்பத்தெட்டாவது மீற்றர் வந்தபோது கை நின்றது.

“என்ன நானா, சிக்கிட்டுதா?”

“இல்ல மிஸ்.”

மேனுஜா எடுத்தது போக மிஞ்சிய தண்ணீரைத் தன் உள்ளங்கையில் ஊற்றச் சொன்னான். ஐஸ் போலக் குளிர்ந்தது. பளிச்சென்று தெளிவாக, ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. அரை மைல் தள்ளி அதே ஆழத்தில் இன்னொரு போத்தல் எடுத்தார்கள்.

“ரெண்டும் ஒரே தண்ணிதானே மிஸ்?”

“அதைத்தான் பாக்கப் போறம்.”

ஒரு வாரம் கழித்து ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டாள். சாயம் ஏற்றிய துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து, அறையை இருட்டாக்கினாள். இஸ்ஸதீன் குனிந்து பார்த்தான். கருப்புப் பாயில் கூனி இறாலைக் காயப்போட்டதுபோலப் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள்.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிர். ஒரு தேக்கரண்டித் தண்ணிக்குள்ள பத்து லட்சம் வரும்” என்றாள்.

“நான் அங்க கண்டது இதுகளத்தானா?”

“இதுகளை வெறுங்கண்ணால காண ஏலாது நானா. பவளம் விடுற சளி, மேலயிருந்து விழுற செத்த பாசி, அதுகள்ல இதுகள் ஒட்டிக்கொண்டு திரியும். நீங்கள் கண்டது அந்தத் துகளை. இதுகள் அதைத் தின்னும், பவளம் இதுகளைத் தின்னும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “தள்ளியெடுத்த தண்ணியில இருக்கிறது வேற கூட்டம். தன்னைச் சுத்தித் தனக்கெண்டு ஒரு தண்ணி வச்சிருக்கு, அந்தப் பவளம்.”

கதிரையை விட்டு எழும்ப அவனுக்கு நெடுநேரம் எடுத்தது. காலால் அல்ல.

அன்று பகல் வீட்டுக்குப் போனதும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த நிஸாவின் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

சுளகு நின்றது. “அப்ப காத்து தானா முடியல்ல?”

“இல்ல. பாத்துக்கிட்டு நிண்ட நான்.”

“எங்கட நெனப்பு வரல்லயா?”

“வரல்ல” என்றான். பொய் சொல்ல இனி ஏலவில்லை.

நான்கு நாள் அவள் கதைக்கவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. ஐந்தாம் நாள் புறப்பட்டு நின்று, “எனக்கும் காட்டுங்க” என்றாள்.

மேனுஜா வில்லையைச் சரிசெய்து கொடுத்தாள். நிஸா ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு அசையாமல் நின்றாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபமா அழுகையா என்று அவனுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

“இதுக்காகவா?” என்று கேட்டாள்.

வண்டியில் திரும்பும்போது கடற்கரைப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஆனால் அடுத்த பயணத்துக்கு விடியற்காலையில் சோற்றுப் பொதி கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். நனையப்படாது என்று அன்று சொல்லவில்லை.

புரட்டாசி வரை ஏழு தடவை போனார்கள். பிறகு வாடைக்காற்று இறங்கியது. கடல் வெளுத்துக் குமுறியது. படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். மார்கழி மழையில் சவாரி இல்லாமல் வண்டிக்குள் குந்தியிருந்த இஸ்ஸதீன் மேனுஜாவுக்குப் போன் எடுத்தான்.

“மிஸ், மாசியில போகலாம்தானே?”

“கடல் அடங்கோணுமே நானா. பங்குனி ஆகும்.”

“இந்த அடிக்கிற கடலில அதுகள் என்ன செய்யும்?”

“அவ்வளவு ஆழத்துக்குக் காத்து தெரியாது. அதுகள் தங்கட பாட்டில இருக்கும்.”

“ஓம்” என்றான். பங்குனிக்கு இன்னும் எத்தனை கிழமை என்று விரல் மடித்துப் பார்த்தான்.