பழைய லேப்டாப், புது விண்டோஸ், போன கரண்டு

பழைய லேப்டாப்புக்குப் புது விண்டோஸ் போடுகிற தொழிலில் கைவேலை கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் திரையைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதுதான் வேலை. இரண்டாயிரங்களில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் நானும் கண்ணனும் கடை வைத்திருந்தோம். திருப்புளி பிடிப்பது கண்ணன், விண்டோஸ் போடுவது நான். எங்களிடம் வருவதெல்லாம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ யாரிடமோ உழைத்துக் களைத்த லேப்டாப்கள். வேலை தொடங்கியதும் திரையில் ஒரு பட்டை மெதுவாக ஊர்ந்து போகும். பாதி வழியில் நின்றுவிட்டால் பழையதும் போச்சு, புதுசும் வரவில்லை. அந்தப் பட்டையைப் பார்த்து நீங்களும் எப்போதாவது சாமியைக் கும்பிட்டிருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

வெள்ளிக்கிழமை வருகிற அத்தா

பேகம்பூர் மும்தாஜ் தன் மாமியாரோடும் கைக்குழந்தையோடும் வந்தாள். கணவர் சவுதியில். அவர் விமானம் ஏறிய பிறகு பிறந்த பிள்ளை அது. இன்னும் அவர் முகத்தை அது பார்த்ததில்லை. அவர் அனுப்பிய வெப்கேமராவைப் பழைய விண்டோஸ் ஏற்றுக்கொள்ளவில்லை. “இன்னைக்கு ஜும்மா தொழுதுட்டு, கூட்டாளி ரூமுக்குப் போயி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பாரு அக்கா. இன்னைக்கு விட்டா இனி எப்ப லீவு கிடைக்குமோ” என்றாள். போட்டோக்களை சி.டி.யில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பட்டை பாதியைத் தாண்டியபோது கரண்டு போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகியிருந்தது. எங்கள் யு.பி.எஸ். கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. அது கத்தினால் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணன் படியில் விழுந்தடித்து இறங்கினான். கீழே ஜெராக்ஸ் கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் என்ன சொன்னானோ, அவர் தன் மெஷினை நிறுத்திவிட்டு ஒயரை ஜன்னல் வழியாக மேலே எறிந்தார். மாமியார் துஆ ஓத, மும்தாஜ் பிள்ளையை இறுக்கிக்கொள்ள, நான் செருகச் செருகப் பிளக் துவாரத்தில் இறங்கவே மாட்டேன் என்றது. இறங்கியது. யு.பி.எஸ். வாயை மூடியது.

விண்டோஸ் ஏறி முடிந்து, கரண்டு திரும்பி, இன்டர்நெட்டும் வந்து, கேமராவை மாட்டியபோது, திரையில் தாடி வைத்த ஒருவர் கலங்கலாகத் தெரிந்தார். கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து இரண்டு கையையும் ஆட்டினார். பிள்ளை அவரைப் பார்த்து வீறிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மும்தாஜ் அதன் முதுகைத் தட்டியபடி சொன்னாள்: “அழுவாதடா கண்ணு, அத்தாதாண்டா. பொட்டிக்குள்ள இருந்தாலும் அத்தாதான்.”

மணமகள் பெயரைக் காணோம்

ரத வீதிப் பக்கம் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஆறுமுகம் அண்ணனின் லேப்டாப்புக்குப் புது விண்டோஸ் போட்டு முடித்த நேரம். ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தார். மணமகன், மணமகள், தாய்மாமன் அம்புட்டுப் பேரும் ஏ, பி, சி, டி.யாக, நடுவில் கேள்விக்குறிகளோடு நின்றார்கள். அவர் வைத்திருந்த தமிழ் ஃபாண்ட் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடுகிற ரகம். சாயங்காலம் பெண்ணின் அப்பா பிழை பார்க்க வருகிறார். ஆறுமுகம் அண்ணன் வேர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போனை எடுத்துத் தெரிந்த கடைகளிலெல்லாம் விசாரித்தேன்.

புது விண்டோஸுக்கு ஒத்துவருகிற ஃபாண்ட் ஊரில் ஒருவரிடம் இருந்தது. அவர் பெயர் செல்லத்துரை. ஒரு காலத்தில் ஆறுமுகம் அண்ணனின் கூட்டாளி. சண்டை போட்டுப் பிரிந்து, எதிரில் வந்தால்கூடத் தெருவை மாற்றிக்கொள்கிறவர்கள். “அவன்கிட்டப் போறதுக்குத் தொழிலையே விட்டுட்டுப் போறேன்” என்றார் இவர். நானே போனேன். செல்லத்துரை அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, ஃபாண்ட் இருந்த சி.டி.யை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்கூட வந்தார். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. ஃபாண்டை ஏற்றியதும் மணமக்கள் தமிழுக்குத் திரும்பினார்கள். செல்லத்துரை அண்ணன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னார்: “ஏப்பா ஆறுமுகம், திருமணத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவுல ‘ப்’ விட்டிருக்கியே. அன்னைக்கும் இதச் சொல்லித்தான நமக்குள்ள சண்டை வந்துச்சு?”

படம் எடுத்தவன்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பாப்பாத்தி அக்கா, மகள் கவிதாவோடு வந்தார். லேப்டாப் மகனுடையது. மகன் பைக் விபத்தில் போய்விட்டான். தங்கை காலேஜில் சேர்ந்திருப்பதால் அவளுக்காகப் புது விண்டோஸ் போட வேண்டும். “அண்ணன் எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு” என்று கவிதா மெதுவாகச் சொன்னாள்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு விண்டோஸாவது ஒன்றாவது. முதலில் படங்களை நகல் எடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் சாகப் போகிற சத்தம் அது. கண்ணன் மின்விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்தான். டிஸ்க்கைக் கழற்றிக் குளிரவைத்து மறுபடி மாட்டினான். ஒவ்வொரு படமாக வந்தது. பிறகு சத்தம் நின்றது, படமும் நின்றது. என்ன செய்தும் அது எழவில்லை.

வந்த வரைக்கும் திறந்து காட்டினேன். பூப்பறிக்கிற அம்மா. சைக்கிளோடு தங்கை. பம்புசெட்டில் தலை துவட்டுகிற அப்பா. மறுபடி அம்மா, பூ கட்டுகிற அம்மா, திட்டுகிற அம்மா. மகன் எதிலும் இல்லை. “டிஸ்க் போயிருச்சு அக்கா, மிச்சம் வரல. தம்பி படம் ஒன்னுகூட இல்ல” என்றேன். பாப்பாத்தி அக்கா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அவன் எங்க இருப்பான்? நம்மளப் பாத்துக்கிட்டுல்ல நின்னிருக்கான்.”

கடைசி பஸ்

சிறுமலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சகாயம் சாருக்கு யாரோ ஒரு பழைய லேப்டாப்பைத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். மலையில் பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை; மறுநாள் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, தலையணை உறைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். லேப்டாப் இட்லிக் கொப்பரை மாதிரிக் கொதித்தது. திரையோ ‘இன்னும் சில நிமிடங்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மலைக்குக் கடைசி பஸ் புறப்படுகிற நேரம். சார் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்து, பொறுக்கமாட்டாமல் கீழே ஓடிப்போய் கண்டக்டரிடம் கெஞ்சிவிட்டு வந்தார். கீழே ஹார்ன் அடித்தார்கள். அடுத்த ஹார்னுக்குப் பிறகு படியேறி வந்தது கண்டக்டரேதான். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என் தோளுக்கு மேலே திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, பஸ்ல இருக்க அம்புட்டுப் பேரும் ‘எம் புள்ளைக்குச் சொல்லணும், பொட்டி ரெடியா’ன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்?”

இத்தனையும் பார்த்த அனுபவசாலியான நான், என் சொந்த லேப்டாப் ‘புதுப்பிக்கட்டுமா?’ என்று கேட்கும்போதெல்லாம், ‘பிறகு பார்க்கலாம்’ என்பதைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.