அக்காவின் கோழிகள் மூச்சு வாங்கிய காலை

பின்வளவுப் படலைக்கு வெளியே, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் சப்பாத்துக்கு மேல் நீல உறையும் முகமூடியுமாக ஒருவர் வந்து நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. உடுப்புக்குள் இருந்தது எங்கள் பகுதி அலுவலகத்தின் கால்நடை வைத்தியர், மெலிந்த ஒரு பெண்மணி, குரலும் இனிமையானது. அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளை ஒன்றுதான். நான் அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அக்கா என் தோள் உயரம்கூட வரமாட்டாள், ஆகவே அதை ஒளிந்து நிற்பது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நின்றேன்.

கொலோன் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற வீடு அது. அத்தான் காலமான பிறகு அக்கா மேல்மாடி அறையை எனக்குத் தந்திருந்தாள். கலியாணம் கட்டாத தம்பியைக் கண்முன்னால் வைத்திருந்து திட்டுவது வசதி என்று நினைத்திருப்பாள். அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள், நான் நகர பஸ் ஓட்டுகிறேன். குடிவெறியில் ஏறுகிறவர்கள், காற்பந்தாட்டம் முடிந்து பாடிக்கொண்டு ஏறுகிறவர்கள், எல்லோரையும் சமாளித்திருக்கிறேன். ஆனால் ஒரு கோழி தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அக்காவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "உன்னைக் கொத்தி அதுக்கு என்னடா கிடைக்கப் போகுது? எலும்பும் வாயும்தானே!" என்பாள்.

அக்காவோடு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரியின் கணவர் டெலவேர் என்ற அமெரிக்க இனக் கோழிகளை வளர்ப்பவர். அவரிடமிருந்து ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகள் வந்தன. வளர்ந்தபோது உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்திலும் வால் நுனியிலும் மட்டும் யாரோ பேனாவால் இழுத்ததுபோலக் கறுப்புக் கோடுகள், தலையில் நல்ல சிவப்புக் கொண்டை. முட்டை மண்ணிறம். இனம் பிறந்தது அமெரிக்கா, இருப்பது ஜெர்மனி, வளர்ப்பது யாழ்ப்பாணம். வளர்ப்பவர்கள் தங்கள் கோழிகளைக் கால்நடை அலுவலகத்தில், எங்கள் ஆட்களின் வாயில் 'அம்ட்', பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். பதிவு இலக்கம் உடனே வந்துவிட்டது. எனக்கு விசா வர எத்தனை வருடம் எடுத்தது என்று அவற்றிடம் சொன்னேன். ஒன்றும் பொருட்படுத்தவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், பக்கத்து ஏரியில் காட்டு வாத்துகள் செத்து மிதந்தன. பறவைக் காய்ச்சல் என்றார்கள். கோழிகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு வளவில் நோய் கண்டால் அங்கே உள்ள எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அக்கா தோட்டத்துக் கொட்டிலில் எல்லாவற்றையும் அடைத்தாள். மேலே பறக்கும் வாத்தின் எச்சம்கூட விழாதபடி கம்பி வலையையெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினாள். உள்ளே போக வேறு சப்பாத்து, வெளியே வரக் கிருமிநாசினியில் நனைத்த கால்மிதி. எனக்கோ பஸ் தரிப்பிடத்துப் புறா தும்மினால்கூட நெஞ்சு திக்கென்றது. புறா தும்முமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அக்கா கீழேயிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை, மெதுவாகக் கூப்பிட்டாள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. அக்கா மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை. எல்லைகளை லொறியில் ஒளிந்து கடந்தபோதும் சாரதியோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்.

கொட்டிலுக்குள் ஒரு கோழி கால் நீட்டிச் செத்துக் கிடந்தது. மற்றவை கழுத்தை மேலே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. கண்களில் நீர். சிவந்த கொண்டைகள் ஊதா நிறத்துக்குப் போயிருந்தன. தலையை உதறின, கரகரவென்று ஒரு சத்தம் போட்டன. முகமூடியோடு வாசலில் நின்றே எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கும் தொற்றிவிட்டது என்றே நம்பினேன்.

"அக்கா, உடனை அம்டுக்கு அறிவிக்கவேணும்."

"வாயை மூடு. அவங்கள் வந்தால் எல்லாத்தையும் சாக்கிலை கட்டிக்கொண்டு போயிடுவாங்கள்."

"சட்டம் அக்கா."

"பின்னேரம் வரைக்கும் பாப்பம். பிறகு நானே சொல்லுறன்."

நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். கடைசித் தரிப்பிடத்தில், பயணிகள் இறங்கிய பிறகு, சாரதி ஆசனத்தில் குனிந்து உட்கார்ந்து அலுவலகத்துக்கு அழைத்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண்ணுக்கு என் குரல் கேட்கவில்லையாம், ஏன் கிசுகிசுக்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா அங்கிருந்து பல மைல் தூரத்தில் இருந்தாள் என்பது எனக்கும் தெரியும். வேலையைப் பாதியில் மாற்றிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன். வெள்ளை உடுப்பு எனக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது.

"நீயே பிடிச்சுக் குடுத்திட்டியேடா" என்றாள் அக்கா. போர்க்காலத்தில் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்களைச் சொல்லும் சொல் அது, எங்கள் ஊர் ஆட்களிடையே அதன் பாரம் எனக்குத் தெரியும்.

வைத்தியர் உள்ளே போய்க் கோழிகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தார். செத்த கோழியைப் பையில் போட்டார். பிறகு வாசலுக்கு வந்து, கடைசி நாட்களில் தீனியிலோ மருந்திலோ ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இப்படி வருவது நல்ல அறிகுறியில்லை" என்றார் அவர்.

அப்போது அக்கா பின்னாலிருந்து என் ஜாக்கெட்டை இழுத்தாள். "தம்பி, நான் ஒண்டு செய்தனான். சொல்லலாமோ தெரியேல்லை. பிடிச்சு உள்ளுக்கை போடுவாங்களோ?"

"என்ன செய்தனீங்கள்?"

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். இத்தனை வருடம் ஜெர்மன் பேசி, சமையலறையில் அந்த மொழியிலேயே ஆட்களை விரட்டுகிறவளுக்கு, அந்த நேரத்தில் வினைச்சொல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "மிளகாய்" என்றாள் ஜெர்மனில். தன் நெஞ்சைத் தொட்டு, "நான்" என்றாள். கொட்டிலைக் காட்டி, "நெருப்பு" என்றாள்.

நடந்தது இதுதான். முதல்நாள் பின்னேரம், நான் வேலையில் இருந்தபோது, தமிழ்ச் சங்கத் தலைவரின் மனைவி வந்து, வலைக்கூடாக எட்டிப் பார்த்து, "அம்மாடி, என்ன மாதிரி மினுங்குதுகள்! எங்கடை பிள்ளையளும் இப்பிடிக் கொழுக்குதுகள் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வாத்துகள் சாகிற நேரத்தில் இப்படியொரு நாவூறா, புகழ்ச்சியால் படுகிற கண்ணேறா! அக்கா காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக் கொட்டிலைச் சுற்றியிருக்கிறாள். சிரட்டைத் தணலில் போட்டாள். நாவூறு இருந்தால் மிளகாய் எரித்தாலும் காறாது, நெடி வராது என்பது எங்களுடைய கணக்கு. அக்காவுக்கோ கொரோனா வந்த பிறகு மூக்கில் மணமும் கிடையாது, எரிவும் தெரியாது. நெடி வரவில்லை. எவ்வளவு பெரிய நாவூறு என்று பதறி இன்னும் ஒரு கைப்பிடி போட்டாள். அப்படியும் வரவில்லை. தணல் சட்டியை அப்படியே உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் மூடிய கொட்டிலின் கதவைச் சாத்திவிட்டு வந்து நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறாள். விடியச் சட்டியை எடுத்து ஒளித்தும் விட்டாள். நான் சிரிப்பேன் என்றுதான் எனக்குச் சொல்லவில்லையாம்.

இதை நான் ஜெர்மனில் விளக்க வேண்டி வந்தது. சிலர் பார்த்துப் புகழ்ந்தால் கோழிக்குக் கூடாது என்றேன். வைத்தியர் மிகவும் அக்கறையாக, "யார் பார்த்தது?" என்று கேட்டார். சங்கத் தலைவரின் மனைவிக்கும் தொண்டையில் பஞ்சுக் குச்சி விடப் போகிறார்கள் என்று எண்ணி நான் பெயரைச் சொல்லவில்லை. வைத்தியர் திரும்பக் கொட்டிலுக்குள் போய், முகமூடியை ஒரு கணம் விலக்கி மணந்து பார்த்தார். தும்மினார். விடாமல் தும்மினார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், வரவில்லை.

"பிளாஸ்டிக்கை ஒரு பக்கம் விலக்கிக் காற்று விடுங்கள், வலையை மட்டும் திறக்காதீர்கள்" என்றார் அவர். "புகையாக இருக்கலாம். காய்ச்சலாகவும் இருக்கலாம். ஏரி பக்கத்தில்தானே. முடிவு வரும்வரை நான் எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சல் என்றால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும்."

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நாங்கள் அந்த வீட்டுக்குள் கள்ளர்போல நடந்தோம். தொலைபேசி அடித்தால் ஒருவரை ஒருவர் பார்ப்போம், எடுக்கமாட்டோம். படலையில் கார் நின்றால் அக்கா அடுப்பை அணைப்பாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. காற்றுப்பட்டுச் சில கோழிகள் தேறின, தீனி கொத்தின. சில இன்னும் மூச்சு வாங்கின. அதை வைத்து எதையும் நம்பத் துணிவு வரவில்லை. அக்கா கொட்டில் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்டைக்கு ஊரிலையிருந்து இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்கை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டிட்டு வந்தனான்" என்றாள் என்னைப் பார்க்காமல். "ஒண்டு மட்டும் ஒழுங்கை முடியுமட்டும் பின்னாலை வந்தது. இவையளை எங்கையடா திறந்துவிட?"

சாமிப் படத்துக்கு முன்னால் அவள் கும்பிட்டதும் எனக்குக் கேட்டது. கொட்டிலில் செத்த கோழியைத் தான்தான் சாகடித்ததாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டாள். தன்மேல் பழி வரட்டும் என்று இப்படி மன்றாடிய வேறொருவரை நான் கண்டதில்லை. எனக்கும் கும்பிடத் தோன்றியது. என்னவென்று கும்பிடுவது? என் அக்காதான் கொலைகாரி, காப்பாற்று தாயே என்றா?

முடிவைச் சொல்லத் தொலைபேசி வந்தபோது நான்தான் எடுத்தேன், ஒலிபெருக்கியில் போட்டேன். அதே இனிமையான குரல். கிருமி எதுவும் இல்லை. நுரையீரல் முழுக்கப் புகையின் எரிவு. இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். நான் துள்ளினேன், உண்மையாகவே துள்ளினேன், மேசைக் காலில் பெருவிரலை அடித்துக்கொண்டேன்.

அக்கா கதிரையில் மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப நான்தான் அதைச் சாகடிச்சனான்" என்றாள். அழுதாள். பிறகு எழுந்து போய் மற்றவற்றுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

இப்போது அக்கா கனடாவில் இருக்கிறாள், மகளின் பிள்ளையைப் பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டையும் கோழிகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "ஒண்டு செத்தாலும் நான் ஊருக்கெல்லாம் சொல்லுவன்" என்றாள். இப்போதிருப்பவை அந்தக் கோழிகளின் குஞ்சுகள், அதே வெள்ளை, அதே கறுப்புக் கோடு. தீனி போடும்போது நான் இன்னும் பின்பக்கமாக நடந்துதான் வெளியே வருகிறேன். இந்தக் குளிர்காலமும் உத்தரவு வந்துவிட்டது. இம்முறை செத்து மிதந்தவை கொக்குகள்.

நேற்று மத்தியானம் ஒரு கோழி ஒருமுறை, ஒரேயொருமுறை, தலையை உதறியது. உடனே அக்காவை அழைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"கதவுக்குக் கிட்ட போ" என்றாள். "போனை வலையோடை வை. நான் கேட்டுப் பாக்கிறன்."

வைத்தேன். கொட்டிலுக்குள் சத்தமில்லை. போனை வலையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினேன்.

"அக்கா, என்ன? ஏதும் கேக்குதே?"

"எப்பிடியடா கேக்கும்?" என்றாள். "நீ மூச்சு வாங்குறதுதான் கேக்குது. கொஞ்சம் அடக்கிப் பிடி."

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.